கிராஞ்சியில் ஒரு சிறகு

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ‘வானில் ஒரு போர்’ என்ற பொருளில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். “ஐயா, ஜெர்மனியில் ஒரே விமானி 352 விமானங்களைச் சுட்டு வீழ்த்தியிருக்கிறாராமே, உண்மையா?” உண்மைதான் என்றேன். அடுத்து நான் ஒரு கேள்வி கேட்டேன். “தம்பி, நம் சிங்கப்பூர் வானத்தில் சண்டையிட்ட ஒரு விமானியின் பெயரைச் சொல்லுங்கள் பார்க்கலாம்.” அவர் யோசித்தார். அவருக்குத் தெரியவில்லை. அது அவர் குற்றமில்லை. பெரியவர்களாகிய நாம்தான் சொல்லித் தரவில்லை. அந்தக் கடனில் ஒரு பகுதியையாவது இன்று தீர்க்கலாம் என்று வந்திருக்கிறேன்.

முதலில் அந்த ஜெர்மன் விமானி. அவர் பெயர் எரிக் ஹார்ட்மன். 1922இல் பிறந்தவர். 1942 அக்டோபரில் கிழக்குப் போர்முனைக்குப் போனார். போர் முடிந்த 1945 மே மாதம்வரை பறந்தார். உலகப் போர் வரலாற்றில் எந்த விமானியும் எட்டாத 352 என்ற எண்ணிக்கை அவருடையது. அவற்றில் மிகப் பெரும்பாலானவை சோவியத் விமானங்கள். அந்த எண்ணிக்கைக்கு அவருடைய திறமை ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு. பிரிட்டிஷ் விமானிகளுக்குக் குறிப்பிட்ட காலம் பறந்தபின் ஓய்வு கொடுத்தார்கள். ஜெர்மானியர்களுக்கு அப்படிப்பட்ட வரம்பு கிடையாது. சாகும்வரை, காயப்படும்வரை, அல்லது போர் முடியும்வரை பறக்க வேண்டியதுதான்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ஹார்ட்மன் இருந்த 52ஆம் போர் விமானப் பிரிவு மட்டுமே 10,000க்கும் அதிகமான விமானங்களை வீழ்த்தியதாகக் கணக்குக் காட்டியது. இருந்தும் என்ன? ஜெர்மனி தோற்றது. ஹார்ட்மன் சோவியத் சிறைகளில் பத்தாண்டு கிடந்து 1955இல்தான் வீடு திரும்பினார். தனி மனிதரின் எண்ணிக்கை எவ்வளவு உயர்ந்தாலும் ஒரு நாட்டின் வானத்தை அது காப்பாற்றிவிடாது. இந்தப் பாடத்தைப் படிக்க நாம் ரஷ்யப் பனிக்காடுவரை போக வேண்டாம். தேக்காவிலிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில் பழைய காலாங் விமான நிலையக் கட்டடம் இன்னும் நிற்கிறது. அங்கிருந்து தொடங்கலாம்.

காலாங்கிலிருந்து பறந்தவர்

காலாங் விமான நிலையம் 1937 ஜூன் மாதம் திறக்கப்பட்டது. பயணிகள் விமானங்களுக்காகக் கட்டியது. போர் நெருங்கியதும் போர் விமானங்கள் அங்கே வந்து சேர்ந்தன. அப்படி அங்கிருந்து பறந்தவர்களில் ஒருவர் நியூசிலாந்துக்காரரான ஜெஃப்ரி ஃபிஸ்கன். ஆட்டுப் பண்ணையில் வேலை பார்த்தவர். போருக்கு முன்பே விமானம் ஓட்டக் கற்றவர். 1941இல் சிங்கப்பூருக்கு வந்தார். பிரிட்டிஷ் ஆகாயப்படையின் 243ஆம் ஸ்குவாட்ரனில் பணி.

அவருக்குக் கொடுத்த விமானம் அமெரிக்காவில் செய்த ‘ப்ரூஸ்டர் பஃபலோ’. பெயருக்கு ஏற்ற விமானம்தான். குட்டையாக, தடித்து, கனமாக இருக்கும். எதிரில் வந்ததோ ஜப்பானிய ராணுவத்தின் ‘ஹயபுசா’. ஜப்பானிய மொழியில் அதற்கு ராஜாளி என்று பொருள். ராஜாளியைப் பிடிக்க எருமையை ஏவினால் எப்படி இருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

ஆனாலும் ஃபிஸ்கன் அந்த எருமையை வைத்துக்கொண்டு சிங்கப்பூர், ஜொகூர் வானத்தில் ஆறு விமானங்களை வீழ்த்தியதாக அவர் கணக்கில் பதிவாகியுள்ளது. எப்படிச் செய்தார்? ஹயபுசாவோடு வட்டமிட்டுச் சண்டையிட்டால் பஃபலோ நிச்சயம் தோற்கும். ஆகவே முடிந்த மட்டும் முன்கூட்டியே உயரத்துக்குப் போய்விடுவார். மேலிருந்து பாய்ந்து சுடுவார். சுட்டதும் நிற்காமல் விலகிப் போய்விடுவார். தன் விமானத்தின் பலவீனத்தை அறிந்து அதற்கேற்பப் போரிட்டவர் அவர்.

1942 பிப்ரவரி 1ஆம் தேதி நடந்த சண்டையில் அவருக்குக் கையிலும் காலிலும் காயம் ஏற்பட்டது. சிங்கப்பூர் வீழ்வதற்கு முன் ஊருக்கு அனுப்பப்பட்டார். பிறகு 1943இல் சாலமன் தீவுகளில் ‘கிட்டிஹாக்’ விமானத்தில் பறந்து மேலும் ஐந்து விமானங்களை வீழ்த்தினார். மொத்தம் பதினொன்று. அந்த ஆண்டே அவருக்கு டி.எஃப்.சி. வீரப் பதக்கம் கிடைத்தது. ஆண்டு முடிவதற்குள் உடல்நிலை காரணமாகப் படையிலிருந்து விடுவிக்கப்பட்டார். மறுபடியும் பண்ணைக்கே போனார். தொண்ணூறு வயதைத் தாண்டி வாழ்ந்து 2011இல் மறைந்தார்.

இந்தக் கதையை இத்தோடு நிறுத்தினால் அது வெற்றிக் கதை. ஆனால் அவர் இருந்த ஸ்குவாட்ரன் என்ன ஆயிற்று? விமானங்களும் விமானிகளும் குறைந்து குறைந்து, 1942 ஜனவரி முடிவதற்குள் அது தனியாக இயங்கவே முடியாமல் போயிற்று. மிஞ்சியவர்களை நியூசிலாந்தின் 488ஆம் ஸ்குவாட்ரனோடு சேர்த்துவிட்டார்கள். ஒருவர் கணக்கில் ஆறு. அவரைச் சுற்றியிருந்த படையோ காணாமல் போய்விட்டது. ஏன் இப்படி ஆயிற்று என்பதுதான் இன்று நாம் கேட்க வேண்டிய கேள்வி.

வலி, காலம், இடம்

திருக்குறளில் மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து வருகின்றன. வலியறிதல், காலமறிதல், இடனறிதல். நாற்பத்தெட்டு, நாற்பத்தொன்பது, ஐம்பது. படையின் வீரத்தைச் சொல்லும் படைச்செருக்கு எழுபத்தெட்டாம் அதிகாரமாகத்தான் வருகிறது. வலிமையையும் காலத்தையும் இடத்தையும் அறிந்த பிறகே வீரத்துக்கு வருகிறார் வள்ளுவர். 1941இல் சிங்கப்பூரின் பாதுகாப்பைத் திட்டமிட்டவர்கள் இந்த மூன்றிலும் தவறினார்கள்.

முதலில் வலிமை. மலாயாவையும் சிங்கப்பூரையும் காக்க 566 விமானங்கள் வேண்டும் என்று இங்கிருந்த தளபதிகள் 1940இல் கேட்டார்கள். லண்டனில் இருந்த படைத் தலைவர்கள் 336 போதும் என்றார்கள். போர் தொடங்கிய அன்று இருந்தவை 158. அவற்றில் போர் விமானங்கள் 60தான், எல்லாமே பஃபலோ. அந்த நேரத்தில் பிரிட்டனின் ‘ஹரிக்கேன்’ விமானங்கள் மத்தியக் கிழக்குக்கும் சோவியத் ஒன்றியத்துக்கும் போய்க்கொண்டிருந்தன. மலாயாவுக்குப் பஃபலோ போதும் என்பது இங்கிருந்த தலைமைத் தளபதி புரூக்-போஃபமின் கருத்து. எதிரியின் வலிமையை அறியாமல் சொன்ன சொல் அது.

ஓட்டியவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். வெப்பமண்டலத்தில் எஞ்சின் சூடேறிவிடும். உயரம் ஏற நேரமாகும். ஆகவே காலாங்கில் பெட்ரோலைக் குறைத்து, தோட்டாக்களைக் குறைத்து, விமானத்தின் எடையை இறக்கிப் பார்த்தார்கள். சண்டைக்குப் போகும்போது தோட்டாவைக் குறைத்துக்கொண்டு போவது எவ்வளவு பெரிய நெருக்கடி என்று எண்ணிப் பாருங்கள்.

அடுத்து காலம். 1941 டிசம்பர் 8ஆம் தேதி விடியற்காலை நாலேகால் மணி. இந்தோசீனாவிலிருந்து புறப்பட்ட 17 ஜப்பானிய விமானங்கள் சிங்கப்பூர்மீது குண்டு போட்டன. தெருவிளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. 61 பேர் மாண்டனர். 700க்கு மேற்பட்டோர் காயமடைந்தனர். செம்பவாங்கில் பஃபலோ விமானிகள் புறப்படத் தயாராக இருந்தார்கள். அனுமதி கிடைக்கவில்லை. இருட்டில் நம்முடைய பீரங்கிகளே அவர்களைச் சுட்டுவிடலாம் என்ற பயம். முதல் குண்டு விழுந்தபோது நம் விமானிகள் தரையில் இருந்தார்கள்.

இரண்டு நாள் கழித்து, டிசம்பர் 10. ‘பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்’, ‘ரிப்பல்ஸ்’ என்ற இரண்டு பெரிய போர்க்கப்பல்கள் குவாந்தான் கடற்பகுதியில் ஜப்பானிய விமானங்களிடம் சிக்கின. தாங்கள் இருக்கும் இடம் எதிரிக்குத் தெரியக்கூடாது என்று கப்பல்கள் வானொலியில் பேசாமலிருந்தன. உதவி கேட்டபோது தாக்குதல் தொடங்கிவிட்டிருந்தது. செம்பவாங்கிலிருந்து 11 பஃபலோக்கள் பறந்தன. கிட்டத்தட்ட ஒரு மணி நேரப் பயணம். அவை போய்ச் சேர்ந்தபோது ‘ரிப்பல்ஸ்’ கடலுக்குள் போய்விட்டது. ‘பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்’ மூழ்கிக்கொண்டிருந்தது. 840 பேர் உயிரிழந்தனர். அந்த விமானிகளின் துணிச்சலில் எந்தக் குறையும் இல்லை. அழைப்புத்தான் நேரத்துக்கு வரவில்லை.

ஹரிக்கேன்களும் அப்படித்தான் வந்தன. 1942 ஜனவரி 13ஆம் தேதி 51 ஹரிக்கேன்கள் பெட்டிகளில் அடைத்துக் கப்பலில் வந்து இறங்கின. உடன் வந்த விமானிகள் 24 பேர். இரவு பகலாகப் பெட்டியைப் பிரித்துப் பூட்டினார்கள். ஜனவரி 20ஆம் தேதி முதன்முதலாகச் சண்டைக்குப் போய்க் குண்டுவீச்சு விமானங்கள் பலவற்றை வீழ்த்தின. ஊரே மகிழ்ந்தது. ஆனால் அந்த விமானிகளின் தலைவர் அன்றைக்கே வானில் உயிரிழந்தார். ஆறு மாதம் முன்பு வந்திருந்தால் ஒருவேளை கதை மாறியிருக்கும். எதிரி ஜொகூரை நெருங்கியபின் வந்ததால் மாறவில்லை.

மூன்றாவது இடம். மலாயாவின் வடக்கிலும் கிழக்கிலும் ஆகாயப்படை தளங்களைக் கட்டியது. அவற்றைக் காக்க வேண்டிய தரைப்படையை முறையாகக் கலந்துகொள்ளாமல் இடம் பார்த்தார்கள். அந்தத் தளங்களைக் காக்க நிறுத்தப்பட்டவர்களில் இந்திய வீரர்கள் ஏராளம். கோத்தா பாரு தளத்தில் முதல் அடியைத் தாங்கியவர்கள் அவர்கள்தான். தளங்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. அலோர் ஸ்டார் போன்ற இடங்களில் விட்டுவந்த பெட்ரோலும் வெடிகுண்டும் ஜப்பானியர் கைக்குப் போயின. நாம் கட்டிய ஓடுபாதையிலிருந்தே நம்மைத் தாக்க வந்தார்கள்.

சிங்கப்பூருக்குள்ளும் அதே கதை. தெங்கா, செம்பவாங், சிலேத்தார் ஆகிய மூன்று தளங்களும் தீவின் வடக்கே ஜொகூரைப் பார்த்தபடி இருந்தன. ஜனவரி 31ஆம் தேதி நம் படைகள் பின்வாங்கி ஜொகூர்ப் பாலத்தைத் தகர்த்தன. சில நாள்களில் அக்கரைப் பீரங்கிகள் இந்த மூன்று தளங்களையும் குறிவைத்தன. மிஞ்சியது தெற்கே இருந்த காலாங் மட்டும். எச்சரிக்கை தரும் ரேடார் நிலையங்களும் கண்காணிப்பாளர்களும் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போனதால், எதிரி வரும் செய்தி கிடைப்பதற்கும் எதிரி தலைக்குமேல் வருவதற்கும் இடையே நேரமே இல்லாமல் போயிற்று. பிப்ரவரி 9ஆம் தேதி இரவு ஜப்பானியர் கிராஞ்சியில் கரையேறினர். மறுநாள் காலாங்கில் மிஞ்சியிருந்த போர் விமானங்கள் சுமத்ராவுக்கு அனுப்பப்பட்டன. பிப்ரவரி 15ஆம் தேதி தீவு சரணடைந்தது. தரை விழுவதற்கு முன்பே வானம் விழுந்துவிட்டது.

எதிர்ப்பக்கத்தில்

வென்றவர்கள் பக்கமும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மலாயா, சிங்கப்பூர்ப் போரில் ஹயபுசா விமானங்களை நடத்தியவர்களில் பெயர் பெற்றவர் காட்டோ தாத்தெயோ. 64ஆம் பிரிவின் தலைவர். 1942 மே 22ஆம் தேதி பர்மாவின் அக்யாப் அருகே, இன்று சித்வே என்று வழங்கும் ஊரின் பக்கம், வங்கக் கடல்மேல் தனியாக வந்த ஒரு ‘பிளென்ஹைம்’ குண்டுவீச்சு விமானத்தைத் துரத்தினார். அதன் முதுகில் இருந்த துப்பாக்கி வீரர் சுட்டதில் அவருடைய விமானம் தீப்பற்றிக் கடலில் விழுந்தது. ஜப்பான் அவருக்கு இரண்டு படி பதவி உயர்வு கொடுத்து மேஜர் ஜெனரல் ஆக்கியது. அவரைப் பற்றிய திரைப்படம் 1944இல் வெளிவந்தது. படம் ஓடிய அந்த ஆண்டே ஜப்பானின் வானம் கைநழுவத் தொடங்கிவிட்டது. நாயகர்களைப் படைப்பது எளிது. பயிற்சி பெற்ற விமானிகளைத் தொடர்ந்து உருவாக்குவதுதான் கடினம்.

இதற்கு நேர்மாறான ஒரு காட்சி, அதே 1942 பிப்ரவரித் தொடக்கத்தில் பர்மாவில் நடந்தது. இந்திய ஆகாயப்படையின் முதலாம் ஸ்குவாட்ரன் டவுங்கூவில் இருந்தது. அதன் தலைவர் கருண் கிருஷ்ண மஜும்தார், கல்கத்தாக்காரர். அவர்களிடம் இருந்தவை ‘லைசாண்டர்’ விமானங்கள். தரைப்படைக்கு உளவு பார்த்துச் சொல்வதற்கானவை, குண்டு வீசுவதற்கானவை அல்ல. ஹர்ஜிந்தர் சிங் என்ற வாரண்ட் அதிகாரியும் அவருடைய தொழில்நுட்பர்களும் அந்த விமானங்களில் 250 பவுண்டு குண்டுகளைத் தொங்கவிடும்படி அமைத்துக் கொடுத்தார்கள். மஜும்தார் அதை எடுத்துக்கொண்டு போய்த் தாய்லாந்து எல்லையில் ஜப்பானியர் தளத்தைத் தாக்கினார். அவருக்கு டி.எஃப்.சி. பதக்கம் கிடைத்தது. அந்தப் பதக்கத்தில் கையில் எண்ணெய் படிந்த அந்தத் தொழில்நுட்பர்களுக்கும் பங்கு உண்டு. மஜும்தார் பின்னர் ஐரோப்பாவிலும் ஜெர்மானியருக்கு எதிராகப் பறந்தார். 1945 பிப்ரவரியில் லாகூரில் விமான சாகசக் காட்சி ஒன்றில் விபத்துக்குள்ளாகி இறந்தார்.

விமானியின் பெயர்தான் வெளியே தெரியும். விமானத்தைப் பூட்டியவர், ரேடார் முன்னால் உட்கார்ந்தவர், தளத்தைக் காத்தவர், ஓடுபாதையைச் செப்பனிட்டவர் என்று அவருக்குப் பின்னால் எத்தனையோ பேர். அவர்களில் ஒரு கண்ணி அறுந்தாலும் விமானி தனிமரம்.

கிராஞ்சிக்கு வாருங்கள்

இத்தனையையும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமானால் கிராஞ்சிக்குப் போக வேண்டும். தேக்காப் பக்கமிருந்து 170ஆம் எண் பேருந்து நினைவிடத்தின் வாசலருகே போகிறது. மேட்டின்மேல் சிங்கப்பூர் நினைவுச்சின்னம். வடிவமைத்தவர் காலின் செயின்ட் கிளேர் ஓக்ஸ். 1957 மார்ச் 2ஆம் தேதி அப்போதைய ஆளுநர் சர் ராபர்ட் பிளாக் திறந்து வைத்தார். வரிசையாக நிற்கும் தூண்கள் அணிவகுத்த தரைப்படை. உச்சியில் நிற்பது நீர்மூழ்கிக் கப்பலின் மேற்பகுதி. தூண்களுக்கு மேலே விரிந்திருக்கும் கூரை விமானத்தின் சிறகு. அப்படித்தான் விளக்கம் சொல்வார்கள்.

அந்தச் சிறகின் நிழலில் 24,000க்கும் அதிகமான பெயர்கள். கல்லறை தெரியாதவர்கள் அவர்கள். தென்கிழக்காசியா முழுவதிலும் கடல்மேலும் பறந்துபோய்த் திரும்பி வராத காமன்வெல்த் விமானிகளும் அவர்களில் அடக்கம். இந்தியப் படையினரின் பெயர்களை அங்கே தூண் தூணாகப் படிக்கலாம். அருகிலேயே, தகனம் செய்யப்பட்ட கிட்டத்தட்ட 800 பேருக்குத் தனி நினைவுச்சின்னம். அவர்களில் பெரும்பாலோர் பிரிவினைக்கு முந்தைய இந்தியாவின் படைவீரர்கள். சரிவில் 4,400க்கும் அதிகமான கல்லறைகள். அவற்றில் 850க்கும் அதிகமானவற்றில் பெயர் இல்லை.

அந்தக் கல்லறைகளில் ஒன்று ஏர் வைஸ் மார்ஷல் புல்ஃபோர்டுடையது. சிங்கப்பூரில் ஆகாயப்படையின் தலைவராக இருந்தவர். விமானங்களை அனுப்பிவிட்டுத் தாம் பின்தங்கினார். பிப்ரவரி 13ஆம் தேதி படகில் புறப்பட்டார். படகு தாக்கப்பட்டு ஓர் ஆளில்லாத் தீவில் ஒதுங்கியது. உணவும் மருந்தும் இல்லாமல் 1942 மார்ச் மாதம் அங்கேயே இறந்தார். போதாத விமானங்களோடு போரை நடத்தச் சொல்லப்பட்டவர் அவர். இன்று தம் விமானிகளின் பெயர்களுக்குக் கீழே கிராஞ்சியில் உறங்குகிறார்.

நம் தமிழ் மரபில் நடுகல் உண்டு. ஆநிரை மீட்கப் போய் இறந்தவனுக்கு ஊரார் கல் நட்டுப் பெயர் பொறித்தார்கள். அவன் எத்தனை பேரைக் கொன்றான் என்பது அவர்களுக்குப் பெரிதாகப் படவில்லை. யாருக்காகப் போனான், எங்கே விழுந்தான் என்பதுதான் பெரிது. கிராஞ்சியும் ஒரு நடுகல்தான். அங்கே ஆறு வீழ்த்தியவருக்கும் முதல் நாளே வீழ்ந்தவருக்கும் ஒரே அளவு எழுத்து.

சிங்கப்பூர் 1984இல் முழுமைத் தற்காப்பு என்ற கொள்கையை அறிமுகப்படுத்தியது. தீவு சரணடைந்த பிப்ரவரி 15ஆம் தேதியை அதற்கான நாளாக அனுசரிக்கிறோம். வெற்றி பெற்ற நாளைக் கொண்டாடும் நாடுகள் பல. தோற்ற நாளை நினைவில் வைத்துப் பாடம் படிக்கும் நாடு நம்முடையது. அந்தப் பாடம் என்ன? வீரர்கள் இல்லாததால் நாம் தோற்கவில்லை. வீரர்களுக்கு வேண்டியதை வேண்டிய நேரத்தில் வேண்டிய இடத்தில் கொடுக்காததால் தோற்றோம். அது கொடுத்தவர்களின் கடமை, போரிட்டவர்களின் பிழையல்ல.

352 பற்றிக் கேட்ட அந்த மாணவர் இன்னும் சில ஆண்டுகளில் தேசிய சேவைக்குப் போவார். அதற்கு முன் ஒரு நாள் அவரைக் கிராஞ்சிக்கு அழைத்துப் போக எண்ணியிருக்கிறேன். எத்தனை வீழ்த்தினார் என்று அங்கே அவர் கேட்கமாட்டார். இவர்களை வெறுங்கையோடு அனுப்பியது யார் என்று கேட்பார். அந்தக் கேள்வியைக் கேட்கும் தலைமுறை இருக்கும்வரை இந்தத் தீவின் வானத்துக்குக் காவல் உண்டு.

உங்கள் பிள்ளைகளையும் ஒருமுறை அழைத்துப் போங்கள் என்று கேட்டு விடைபெறுகிறேன்.